பால் பைத்தான் முட்டை: தாயிடமே விடுவதா, இன்குபேட்டருக்கு மாற்றுவதா?

சட்டைஉரி:
பெண் பால் பைத்தான் (ball python, பந்து போல் சுருளும் மலைப்பாம்பு), நான்கு வயது, முதல் ஈடு. எடை 1,950 கிராம். முட்டைக்கு முந்தைய சட்டையை ஏப்ரல் 4 அன்று உரித்தது. அதிலிருந்து ஏறக்குறைய 30 நாள் என்று வைத்தால் மே முதல் வாரத்தில் முட்டை இடும். இடம் சென்னை, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. ஏசி இரவில் மட்டும் ஓடும். பகலில் அறை 34 டிகிரி வரை போகிறது.

தாயே அடைகாக்கட்டும் என்று விட்டுவிடலாமா, முட்டையை எடுத்துப் பெட்டியில் வைப்பதா? வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான தாதுத் துகள்) மாடித்தோட்டக் கடையில் கிடைக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. வேறு என்ன வேண்டும், எந்த அளவில்?

பழையபிரிட்ஜ்:
முதலில் அந்த 34 டிகிரியைக் கவனிங்க. இன்குபேட்டர் சூடாக்கும், குளிர வைக்காது. தெர்மோஸ்டாட்டில் 31.5 என்று வைத்தாலும் அறை 34 என்றால் பெட்டிக்குள்ளும் 34தான். தாயிடம் விட்டாலும் இதே கதி. இந்த முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி வேணும். 29க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நாள் இழுக்கும், குட்டி சோனியாக வரும். ஆனால் சூடு ஏறுவது அதைவிட மோசம். நாள் கணக்கில் 34ஐத் தொட்டால் முதுகெலும்பு கோணலான குட்டிகள் வரும், இல்லை முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் வீட்டிலேயே குளிர்ச்சியான கீழ்த்தள அறைக்கு மாற்றுங்க. முடியாவிட்டால் இரண்டு மாதம் பகலிலும் ஏசியை 28ல் ஓட விடணும்.

அறை 28 அளவில் நின்றுவிட்டால் மீதி சுலபம். 40 லிட்டர் அளவுள்ள ஐஸ் பெட்டி, இல்லை சுவர் தடிமனான தெர்மோகோல் பெட்டி. உள்ளே 25 வாட் ஹீட் கேபிளை அடியிலும் பக்கச் சுவரிலும் வளைத்து ஒட்டுங்க. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று மெதுவாக ஓடட்டும். அது இல்லாவிட்டால் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் வரும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் நான்கை அடியில் படுக்க வையுங்க. மின்வெட்டில் சூட்டைப் பிடித்து வைப்பது அதுதான். தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டைப் பெட்டியின் உயரத்தில் காற்றில் தொங்கணும், கேபிளைத் தொடக்கூடாது. முட்டைப் பெட்டிக்குள் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். நம்ப வேண்டியது அதன் கணக்கைத்தான், தெர்மோஸ்டாட் திரையை இல்லை.

மலிவான ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) தெர்மோஸ்டாட்டில் ஒரு ஆபத்து உண்டு. ரிலே முனை ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையவே அணையாது, ஓர் இரவில் மொத்த முட்டையும் போய்விடும். இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை 33ல் வைத்து, முதலாவதோடு தொடராக இணையுங்க. முதலாவது ஒட்டினாலும் இரண்டாவது கரண்டை வெட்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீங்க.

முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஓட விட்டு 31.5ல் நிலையாக நிற்கிறதா என்று பாருங்க.

ஈரப்பதம்:
சூடு பற்றி மேலே சொல்லியாயிற்று. பலர் கோட்டைவிடுவது ஈரத்தில்.

முட்டைப் பெட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் கொள்ளளவுள்ள, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். பருமனான வெர்மிகுலைட் 450 கிராம், தண்ணீர் 400 முதல் 450 கிராம். சமையலறைத் தராசில் எடை போட்டே கலக்க வேண்டும். கப் கணக்கில் அளந்தால் நனைந்த சேறாகிவிடும், ஏனென்றால் வெர்மிகுலைட் அவ்வளவு லேசானது. கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, முட்டையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதையும்படி வையுங்கள். டப்பாவை முதல் நாளே இன்குபேட்டரில் வைத்துவிட்டால், வெர்மிகுலைட்டும் அதே சூட்டுக்கு வந்திருக்கும்.

தென்னை நார்த்தூளைப் பலர் கேட்கிறார்கள், மலிவாகக் கிடைக்கிறதே என்று. முட்டையிடும் பெட்டிக்கு அது நல்லது. 55 நாள் முட்டையோடு மூடி வைக்க வேண்டாம். ஈரத்தை மட்டுப்படுத்துவது கஷ்டம், பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும்.

இன்னொரு வழி: டப்பாவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அதற்கு மேல் தண்ணீரைத் தொடாமல் பிளாஸ்டிக் கம்பிவலை, வலை மேல் முட்டை. எடைக் கணக்கு வேண்டாம், ஈரம் தானாகவே 95 சதவீதத்துக்கு மேல் நிற்கும். டப்பாவைச் சாய்க்காமல் கையாளத் தெரிந்தவருக்கு இதுவே மேல் என்பேன்.

சட்டைஉரி:
இருவருக்கும் நன்றி. கீழ்த்தள அறை 29ல் நிற்கிறது, அங்கே மாற்றிவிடுகிறேன். ஆனால் தாய்ப் பாம்பு உடம்பைக் குலுக்கிச் சூடு உண்டாக்கும் என்று படித்தேனே. அப்படியானால் அறை 29 இருந்தாலே தாய்க்குப் போதாதா?

சுருள்:
அது மலைப்பாம்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது தம்பி. தசையை விட்டுவிட்டுச் சுருக்கிச் சூடு உண்டாக்குவது நம் ஊர் இந்திய மலைப்பாம்பு, பர்மிய மலைப்பாம்பு, ஆஸ்திரேலியக் கார்பெட் பைத்தான் போன்றவை. 1832இல் லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியப் பாம்பிடம் இதைக் கண்டு சொன்னபோது பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் உயிரியல் பூங்காவில் வலான்சியேன் என்ற விலங்கியலாளர் தெர்மாமீட்டர் வைத்து அளந்த பிறகுதான் வாய் மூடினார்கள். 1966இல் நியூயார்க் விலங்குக் காட்சியகத்தில் பர்மியப் பாம்பை அளந்தபோது, உடம்பைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி அதிகச் சூட்டில் வைத்திருந்தது.

பால் பைத்தான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்கக் காரி அது, அங்கே வளைக்குள்ளேயே தேவையான சூடு இருக்கிறது. அறை 29 என்றால் முட்டையும் 29தான். பால் பைத்தான் தாய் காப்பது சூட்டை அல்ல, ஈரத்தை. டோகோ நாட்டில் நடந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின: இறுக்கிச் சுற்றிய முட்டைகள் குறைவாகக் காய்ந்தன. ஆஸ்திரேலியாவின் சில்ட்ரன்ஸ் பைத்தானை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: எப்போதும் இறுக்கியே இருந்தால் உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. அதனால் தாய் அவ்வப்போது சுருளைத் தளர்த்திக் காற்று விட்டு மறுபடி இறுக்குகிறது. பெட்டி மூடியை வாரத்துக்கு ஒரு முறை நாம் திறப்பதும் அதே வேலைதான்.

தாயிடம் விடுவதென்றால் என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு சுருண்டு உட்கார அளவான மூடிய பெட்டி, ஒற்றை வாசல், உள்ளே 6 சென்டிமீட்டர் ஈரமான ஸ்பாக்னம் பாசி. பெட்டிக்குள் 31 முதல் 32 டிகிரி, ஈரம் 80 சதவீதத்துக்கு மேல். அடியில் ஹீட் மேட் வைத்துவிட்டு ஈரத்தை மறந்தால் அடிமுட்டைகள்தான் முதலில் காயும், சுருள் மூடியிருப்பதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தண்ணீர்க் கிண்ணம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கீழ்த்தட்டில் கூமுட்டை ஒன்று அழுகினால் எடுக்க வழியில்லை.

உங்கள் கணக்கில் எடையைப் பாருங்கள். 1,950 கிராமில் ஆறு முட்டை போனால் 500 கிராமுக்கு மேல் குறையும். சினையாக இருந்தபோதே பெரும்பாலும் தின்றிருக்காது. அதன் மேல் இன்னும் இரண்டு மாதம் பட்டினி. நன்றாகத் தேறிய பாம்புக்கு இது பெரிய விஷயமில்லை, காட்டில் அப்படித்தான். முதல் ஈடு, எடையும் நடுத்தரம் என்றால் நான் எடுத்துவிடச் சொல்வேன். அறையே நாள் முழுக்க 31ல் நிற்பவருக்கு, வேறு எந்தக் கருவியும் கையில் இல்லாதவருக்கு, தாய்தான் சரி.

பழையபிரிட்ஜ்:
எடுக்கிற முறை: இட்டு முடித்துச் சுருண்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதே நாளில் எடுங்க. தலை மேல் ஒரு துண்டைப் போட்டு, வால் பக்கமிருந்து மெல்லச் சுருளைப் பிரிக்கணும். முட்டை இருந்த நிலையிலேயே மேல்பக்கத்தில் பென்சிலால் குறி போடுங்க. பேனா, மார்க்கர் வேண்டாம். முதல் ஓரிரு நாளில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு புரட்டினால் செத்துவிடும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீங்க, கொத்தாகவே வையுங்க.

இருட்டில் சின்ன டார்ச்சை ஓட்டில் வைத்துப் பாருங்க. ரோஜா நிறத்தில் நரம்பு ஓடினால் நல்ல முட்டை. மஞ்சளாக, சின்னதாக, மெழுகு மாதிரி இருந்தால் கூமுட்டை. நரம்பு தெரியலையே என்று உடனே தூக்கிப் போடாதீங்க, ஒரு வாரம் பொறுத்து இன்னொரு முறை பாருங்க.

பிறகு தாயை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கூண்டை முழுக்கத் துடைத்து, படுக்கையையும் மாற்றணும். முட்டை வாசனை இருக்கும்வரை சுருண்டு படுத்து இரை தொடாது. வயிற்றைத் தடவி உள்ளே முட்டை தங்கியிருக்கிறதா என்றும் பாருங்க, இருந்தால் மருத்துவரிடம்தான். ஒரு வாரம் கழித்துச் சின்ன இரையாகக் கொடுங்க.

ஈரப்பதம்:
இடையில் தவறுவது எங்கே என்றால்:

முதல் மாதத்திலேயே முட்டை குழி விழுந்தால் காய்கிறது என்று பொருள். அதே சூட்டிலுள்ள தண்ணீரை டப்பாவின் ஓரத்தில் வெர்மிகுலைட்டில் ஊற்றுங்கள், முட்டை மேல் படக் கூடாது. கடைசி இரண்டு வாரத்தில் குழி விழுவது இயல்பு, அப்போது ஊற்றினால் உள்ளே இருக்கும் குட்டி மூழ்கும். மூடியின் உட்புறத்தில் நீர் கோர்த்து முட்டை மேல் சொட்டினால், மூடி உள்ளேயிருப்பதைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஃபேன் காற்று மூடி மேலும் போகும்படி செய்யுங்கள், டப்பாவைச் சற்றே ஒரு பக்கம் சாய்வாக வைத்தால் சொட்டு ஓரமாக இறங்கிவிடும் (தண்ணீர் மேல் வலை வைத்தவர்கள் டப்பாவை அல்ல, மூடியை மட்டும் சாய்க்க வேண்டும்). பூஞ்சை பெரும்பாலும் செத்த முட்டையில்தான் வளரும். தனியாக இருந்தால் எடுத்துவிடுங்கள், கொத்தில் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பக்கத்திலுள்ள உயிர்முட்டை பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். கசிந்தால் மட்டும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி ஈக்கள் வந்து முட்டையிட்டு நல்ல முட்டையையும் துளைக்கும்.

மின்வெட்டில் சில மணி நேரம் 28க்கு இறங்கினால் பதற வேண்டாம், மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். இன்வெர்ட்டரில் ஹீட் கேபிளையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துக்கொண்டால் போதும், சுமை 30 வாட்டைத் தாண்டாது.

சுருள்:
31.5 டிகிரியில் 55 முதல் 60 நாளுக்குள் ஓடு கீறும். மூக்கை நீட்டியபடி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் முட்டைக்குள்ளேயே கிடக்கும். மிச்ச மஞ்சள்கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இழுக்கக் கூடாது. முதல் குட்டி கீறி ஒன்றரை நாளாகியும் பக்கத்து முட்டையில் அசைவில்லை என்றால், குறி போட்ட மேல்பக்கத்தில் நகக்கண் அளவுக்குச் சிறு ஜன்னல் வெட்டலாம். 50ஆம் நாளிலேயே ஆவலில் வெட்டுவது தேவையற்ற வேலை.

வெளியே வந்த குட்டியை ஈரமான காகிதத் துண்டு போட்ட டப்பாவில் தனித்தனியாக வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். அதற்குப் பிறகுதான் முதல் இரை, முடி முளைத்த சுண்டெலிக் குஞ்சு.

ஒன்றைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பால் பைத்தான் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால் 2024 விதிகளின்படி தாயை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், குட்டிகள் பிறந்ததையும் அங்கேயே தெரிவிக்க வேண்டும். இதே முறையை இந்திய மலைப்பாம்பு முட்டைக்குச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு, எங்காவது முட்டையோடு கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சட்டைஉரி:
பதிவு ஏற்கெனவே இருக்கிறது. வலை முறையில் போகிறேன், தெர்மோஸ்டாட் இரண்டு. தண்ணீர் கொதித்து ஆறியதா, கேன் தண்ணீரா?

ஈரப்பதம்:
கேன் தண்ணீர் போதும். உப்பு அதிகமான போர் தண்ணீர் மட்டும் வேண்டாம்.