புதுப்பிப்பு: வேலை முடிந்ததும் எழுதும் மூன்று வரிகள்

அன்று செய்தது, கற்றது, நாளை முதலில் தொட வேண்டியது என்று தினமும் வேலை முடிந்ததும் மூன்று வரி எழுதப்போவதாக முன்பு சொல்லியிருந்தேன். இன்னும் எழுதுகிறேன். பெரிய பலன் ஆண்டு மதிப்பீட்டின்போதுதான் தெரிந்தது: யாருக்கும் நினைவில்லாத சின்னச் சின்ன வேலைகள்கூடத் தேதியோடு கையில் இருந்தன. மேலாளருடன் பேச்சே வேறு மாதிரி போனது. மூன்றாவது வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் எங்கே தொடங்குவது என்ற தயக்கமே இல்லை.

21 நாளில் பழகிவிடுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உளவியல் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பழக்கம் தானாக வர 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என மதிப்பிட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லையாம். பாதியில் நிறுத்தியவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு வரியாவது எழுதுங்கள்.