புதிதாகக் கட்டும் உயர்மட்ட நடை-ஓட்டப் பாதை: சிற்ப வடிவம் தாங்குமா? (மூவர் விவாதம்; தூண்நிழல், தரைமட்டம், அதிர்வெண் என்பவை பேசுபவர்களின் புனைபெயர்கள்)

தூண்நிழல்: கைவிடப்பட்ட தொழிற்சாலைப் பகுதிக்கு உயிரூட்ட, 6 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலத்தில் நாடாபோல நெளியும் எஃகுப் பாதை போதும் என்பது என் கட்சி. பாதையே சிற்பம், ஆட்களை இழுப்பதும் அதுதான். பழைய ரயில் மேம்பாலத்தில் அமைத்த நியூயார்க் ஹை லைன் பூங்கா 2009இல் திறந்தபின் சுற்றுப்புறமே மாறியது.

தரைமட்டம்: ஹை லைனை இதற்கு இழுக்காதீர்கள். 1980 வரை சரக்கு ரயிலைச் சுமந்த தடம் அது. மனிதக் கூட்டம் அதற்கு ஒரு சுமையே இல்லை. நீங்கள் கேட்பது ஒல்லியான புதுப் பாலம். சக்கர நாற்காலிக்காரர் அதில் ஏறுவது எப்படி? 6 மீட்டர் ஏற 1:20 சரிவில் (20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்) 120 மீட்டர் வேண்டும். 1:12இல் 72 மீட்டர், 75 செ.மீ. ஏற்றத்துக்கு ஒருமுறை ஓய்வுத்தளம் வைத்தால் 82 மீட்டரைத் தாண்டும்.

தூண்நிழல்: சரிவை வளையமாகச் சுருட்டலாமே. லிஃப்ட்டை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அது பழுதானால் சக்கர நாற்காலிக்காரர் மேலேயே மாட்டிக்கொள்வார்.

அதிர்வெண்: சுருட்டலாம், ஆனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வளைவின் வெளி ஓரத்தில் ஒதுங்கினால் உள்பக்க பேரிங் (பாலம் தூண்மேல் உட்காரும் தாங்கி) மேலே தூக்கும். கீழே இழுத்துப் பிடிக்கும் பேரிங்கும், முறுக்கலைத் தாங்கும் மூடிய பெட்டி வடிவக் கர்டரும் (உத்திரமும்) வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி ஓட்டம். நடப்பவர் நொடிக்குச் சுமார் 2 காலடி வைப்பார், ஓடுபவர் 2.5 முதல் 3. ஒல்லியான 30 மீட்டர் எஃகு ஸ்பானின் (தூணுக்குத் தூண் உள்ள பகுதியின்) இயல்பு அதிர்வெண்ணும், அதாவது அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதும், பல நேரம் அங்கேயே வந்து விழும்; இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். லண்டன் மில்லேனியம் பாலம் 2000இல் வெறும் நடைக்கே பக்கவாட்டில் ஆடியது. டேம்பர்கள் (ஆட்டத்தை அடக்கும் கருவிகள்) பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். தளத்தை விறைப்பாக்குங்கள், முடியாவிட்டால் நிறை டேம்பர் (ஒரு எடையை எதிராக ஆடவிட்டு அதிர்வை அடக்குவது) வையுங்கள். கட்டி முடித்து, அளந்து, அதன்பிறகுதான் டேம்பரைப் பாலத்தின் அதிர்வுக்குச் சுருதி சேர்க்க முடியும். ஆகவே தளத்துக்கு அடியில் இடமும், ஆள் எட்டும் வழியும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். கடைசியில் ஒட்டவைத்தால் உங்கள் வடிவம்தான் கெடும்.

எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டையும் (வெப்பத்தில் எஃகு நீள இடம்விடும் இணைப்பு) மறக்காதீர்கள். 40 டிகிரி வெப்பமாற்றத்தில் 100 மீட்டர் எஃகு ஏறக்குறைய 48 மி.மீ. நீளும். சீப்புப் பற்கள்போலக் கோத்த தகடு தளத்தோடு சமமாக உட்காராவிட்டால் ஓடுபவர் கால் இடறும்.

தரைமட்டம்: வளைவை உள்பக்கம் சாய்த்து வரைவதும் கூடாது. குறுக்குச் சரிவு 2 சதவீதத்தைத் தாண்டினால் சக்கர நாற்காலி பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். 4 மீட்டர் அகலமும் எனக்குச் சந்தேகம்தான்.

தூண்நிழல்: சாய்வை விட்டுவிடுகிறேன். அகலத்தை விட மாட்டேன். பழைய உயர்மட்ட ரயில் தடத்தில் போட்ட சிகாகோவின் 606 பாதையில் (2015) 10 அடி கான்கிரீட், இருபுறமும் ஓடுபவர்களுக்கு 2 அடி ரப்பர். மொத்தம் 14 அடி, சைக்கிளும் சேர்த்து. இங்கே சைக்கிள் கிடையாது.

தரைமட்டம்: அது பெரும்பாலும் நேர்ப்பாதை, எதிரே வருபவர் தெரிவார். உங்கள் வளைவில் கைப்பிடிச் சுவர் தகடாக இருந்தால் தெரியாது. கம்பிக் கிராதியாக்குங்கள், படம் எடுக்க நிற்பவர்களுக்குத் தனித் திண்ணை பிதுக்குங்கள். அப்போதும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: எதற்கு உயரம்? கீழே ரயில் பாதையோ கால்வாயோ இருந்தால் அங்கு மட்டும் ஏற்றுங்கள். மீதிப் பணத்தைத் தரை நடைபாதைக்கும் மரநிழலுக்கும் போடுங்கள், கடைகளும் பிழைக்கும்.

அதிர்வெண்: ரயில் பாதை, கால்வாய் போன்ற குறுக்கீடு ஒன்றே ஒன்று என்றால் நீங்கள் சொல்வது சரி. 500 மீட்டருக்குள் மூன்று என்றால் கணக்கு மாறும். ஒவ்வொன்றிலும் 1:20 சரிவில் ஏறி இறங்க 240 மீட்டர் சரிவு, மூன்றுக்கு 720. அதற்குத் தொடர்ந்து மேலேயே போவது குறைந்த நீளம். அந்த இடத்தின் குறுக்கீடுகளை எண்ணிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.