பெண்களுக்கு ஒதுக்கிய பதவியில் வீட்டுக்காரர்தான் தலைவர் என்றால் ஒதுக்கீடு எதற்கு?

ஏரிக்கரைவாசி:
எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி 2019 தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தது ஒரு அக்கா, ஐந்து வருஷமும் ஆண்டது அவர் வீட்டுக்காரர். பொலிரோ முன்னால் 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று போர்டு, அந்த வண்டியில் அக்காவை ஒருநாளும் பார்த்ததில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால் "அண்ணன் வரட்டும்மா, சொல்றேன்" என்பார். கிராம சபையில் தீர்மானம் வாசிப்பதும் அண்ணன்தான். பொங்கல் பேனரில் அண்ணன் படம் ஆளுயரம், அக்கா படம் மூலையில் ஸ்டாம்ப் சைஸ்.

2023-ல் மக்களவை, சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் போட்டார்கள். மக்களவையில் ஆதரவு 454 ஓட்டு, எதிர்ப்பு வெறும் 2. கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றாலே எனக்குச் சந்தேகம் வரும். நாளைக்கு அங்கேயும் 'எம்.எல்.ஏ. வீட்டுக்காரர்' தானே வரப்போகிறார்? பெண்களுக்கு விரோதமாகக் கேட்கிறேன் என்று பாயாதீர்கள், நானும் பெண்தான்.

பழைய தலைவர்:
நீங்கள் சொல்லும் அந்த அக்கா நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் 1996-ல் பெண்களுக்கு ஒதுக்கியதாக வந்தது (அப்போது 33 சதவீதம், 50 ஆனது 2016-ல்). மாமனார் நிற்கச் சொன்னார், நின்றேன். மினிட் புத்தகம் வீட்டுக்கு வரும், பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் என் தலைவர் வேலை.

மூன்றாவது வருஷம் போர் மோட்டாருக்குக் காயில் கட்டியதாக ஒரு பில் வந்தது. இரண்டு மாதம் கழித்து அதே மோட்டாருக்கு மறுபடி ஒரு பில். முதல் தடவை மோட்டார் எரிந்தது நிஜம், ஏழு நாள் அடுத்த தெருவில் போய்த் தண்ணீர் எடுத்தவள் நான். இரண்டாவது தடவை எரியவே இல்லை, தினம் காலையில் அதே குழாயில்தான் குடம் வைக்கிறேன், எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். கிளார்க் இரண்டு நாள் வாசலில் நின்றார், வீட்டுக்காரர் நாலு நாள் பேசவில்லை. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு பென்சில் புள்ளி வரவில்லை.

2001-ல் யாரும் சொல்லாமல் நானே நின்று ஜெயித்தேன். 2006-ல் பதவி பொதுவானது. "உனக்குத்தான் பத்து வருஷம் குடுத்தாச்சேம்மா, இனி ஆம்பளைங்க பாத்துக்கட்டும்" என்றார்கள். ஊரே ஒதுங்கிக்கொண்டது, நானும் விட்டுவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை:
மேலே அக்கா சொன்ன அந்தப் 'பத்து வருஷம்' தான் விஷயமே. மேற்கு வங்கத்தில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில் அடுத்த தேர்தலில் பெண்கள் நிற்பதும் ஜெயிப்பதும் கூடியது, ஒரே முறை ஒதுக்கிய இடங்களில் அப்படிப் பெரிதாக மாறவில்லை. மும்பை மாநகராட்சியில் 1997-ல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகள் 2002-ல் பொதுவானபோது, மற்ற பொது வார்டுகளைவிட அங்கே பெண்கள் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. அக்கா ஊரில் அது நடக்கவில்லை, எல்லா ஊரிலும் நடக்கும் என்று யாரும் சொல்லவும் முடியாது.

ஒதுக்கீடு இல்லாத இடத்தில் என்ன நிலைமை என்றும் பாருங்கள். 2021-ல் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள். அந்தத் தேர்தலில் பாதிக்குப் பாதி, 117 பெண்களை நிறுத்தியது நாம் தமிழர் கட்சி, ஆனால் அவர்கள் ஓர் இடம்கூட ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற கட்சிகளுக்குப் பெண்களுக்கு சீட் கொடுக்க மனசு வருவதில்லை. 2023 சட்டமும் கைக்கு வந்த பணம் இல்லை, பின்தேதியிட்ட செக். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அப்புறம் தொகுதி மறுவரையறை, அதற்குப் பிறகுதான் நடைமுறை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முதல் மசோதா வந்தது 1996-ல், அக்கா பென்சில் புள்ளியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே வருஷம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டாதீர்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வந்ததே, அங்கே பிரச்சினை சாதி.

வடலி:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், எங்கட கதை கொஞ்சம் வேறு. இங்கே உள்ளூராட்சியில் முன்பு பெண்கள் 2 சதவீதம்கூட இருக்கவில்லை. சட்டத்தில் 25 சதவீதம் என்று போட்டு 2018-ல் தேர்தல் வைத்த பிறகு 20-ஐத் தாண்டியது. ஆனால் ஆளை எங்கே நிறுத்துகிறார்கள் என்று பாருங்கோ. வட்டாரத்துக்கான (உங்கட வார்டு) வேட்பாளர்களில் 10 சதவீதம் பெண்கள் இருந்தால் போதும், கட்சி பெற்ற வாக்கைப் பொறுத்து ஆள் எடுக்கும் மேலதிகப் பட்டியலில் பாதி பெண்கள். வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது பெரும்பாலும் ஆண், பெண் பட்டியலால் உள்ளே வருகிறார். பிறகு சபையில் வாய் திறந்தால் "நீங்கள் சனம் தெரிவு செய்த ஆளில்லையே" என்ற கதை. உங்கட ஊரில் அந்த அக்கா பேரில் வாக்குச் சீட்டு அடித்து, சனம் அவருக்குத்தானே முத்திரை குத்தியது? எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஏரிக்கரைவாசி:
மோட்டார் பில் கதையைப் படித்ததும் ஒரு யோசனை. எங்கள் ஊராட்சிக்கு 2025 ஜனவரியோடு காலம் முடிந்துவிட்டது, அதன் பிறகு அரசு போட்ட தனி அலுவலர்தான் எல்லாம். இன்று காலை ரேஷன் கடை வரிசையில் எங்கள் ஊர்த் தலைவராக இருந்த அக்கா எனக்கு முன்னால் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். எந்தத் தெருவில் எத்தனை லைட் எரியவில்லை, மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கையில் பேப்பர் இல்லாமலேயே சொல்லிக்கொண்டு போனார். செக்கில் எல்லாம் யார் கையெழுத்து என்றேன். "என்னுதுதான். அடுப்படியிலேயே போட்டு அனுப்பிருவேன்" என்றார். படித்துப் பார்ப்பீர்களா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவருக்கு பில் போடக் கூப்பிட்டுவிட்டார்கள்.