கலைச்சொல் வேண்டுகோள்: ‘நாடு கடத்தல்’ ஒன்றே போதுமா?

பினாங்கிலிருந்து, செவ்வாய் காலை

குழுவினர்க்கு வணக்கம். படிவம் 6 மாணவர்களின் விவாதப் போட்டிக்காக, எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு எதிரான பன்னாட்டு ஒத்துழைப்பு பயன் தருகிறதா என்னும் தலைப்பில் ஒரு கையேட்டை வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். எக்ஸ்ட்ரடிஷன், டிபோர்ட்டேஷன் இரண்டுக்கும் நாளிதழ்கள் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுகின்றன. முன்னது ஒரு நாடு கேட்க, மற்ற நாட்டின் நீதிமன்றம் ஆராய்ந்து, ஆளை வழக்குக்காக அனுப்புவது. பின்னது குடிநுழைவுத் துறை வெளியேற்றுவது. அதே பக்கத்தில், 1977 டிசம்பர் 4 அன்று இங்கிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டு, கடத்தப்பட்டு, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து 100 உயிர்களைக் கொண்டுபோன விமானமும் வருகிறது. கடத்தியவரை நாடு கடத்துவது என்றால் பிள்ளைகள் எதைப் புரிந்துகொள்வார்கள்?

கோலாலம்பூரிலிருந்து, அன்று மாலை

அம்மா, ‘கட’ தன்வினை, ‘கடத்து’ பிறவினை. கடவுச்சீட்டின் ‘கடவு’ம் அவ்வேரினதே. சொல்லில் பிழையில்லை, சுமைதான் மிகுதி. முன்னதற்கு ‘ஒப்படைப்பு’, பின்னதற்கு ‘வெளியேற்றம்’ போதும். ‘குற்றவாளி ஒப்படைப்பு’ மட்டும் வேண்டாம். விசாரணை முடியாதவரை அப்படி அழைப்பது சொல்லிலேயே தீர்ப்பு எழுதுவதாகும்.

பட்டர்வொர்த்திலிருந்து, புதன்

ஐயாவின் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. ‘ஒப்படை’க்குள் ‘அடை’ இருக்கிறது. அதுவே அடைக்கலத்திலும் இருக்கிறது. சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகத் தந்தது காப்பதற்காக. கூண்டில் நிறுத்த அனுப்பப்படுபவருக்கு அந்த மணமுள்ள சொல் பொருந்தாது. உய்த்தல் என்பது செலுத்துதல். ‘நன்றின்பால் உய்ப்ப தறிவு’ என்பது குறள். ஆகவே ‘வழக்குய்ப்பு’ என்று ஆக்கலாம்.

பினாங்கிலிருந்து, வியாழன் இரவு

ஐயா, வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘உய்ப்பு’ என்றதும் மாணவர்கள் ‘உய்வு’, அதாவது பிழைத்தல், என்றே கொண்டார்கள். இந்த விவாதம் முழுவதும் இச்சொல்லின் மேல் நிற்பதால் தெளிவை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. 1975 ஆகஸ்டில் கோலாலம்பூர் ஏ.ஐ.ஏ. கட்டடத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பிணை பிடித்த ஜப்பானியச் செம்படை என்னும் தீவிரவாதக் குழுவினர், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட தோழர்களோடு லிபியா போய்ச் சேர்ந்தார்கள்; ஏற்க ஒரு நாடு இருந்ததால் மற்ற நாடுகளின் கைகள் கட்டுண்டன. பயங்கரவாதிகளுக்குப் புகலிடம் தரலாகாது என்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1373ஆம் தீர்மானம் 2001இல் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது. 2007இல் பிலிப்பீன்ஸின் செபுவில் கையெழுத்தான ஆசியான் பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை, ‘அரசியல் குற்றம்’ என்று காரணம் காட்டி ஒப்படைக்க மறுக்கும் வழியை அடைத்தது. ஆனால் பயங்கரவாதம் எது என்று வரையறுக்க இந்தியா 1996இல் முன்வைத்த உடன்படிக்கை வரைவு இன்னும் நிறைவேறவில்லை. வரையறை ஒன்றாகாத இடத்தில், நீதிமன்றம் சான்றுகளைப் பார்க்காமலே ஆளை அனுப்பிவிடும் குறுக்குவழி அரசுகளுக்கு எளிதாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், அதையும் உடன்படிக்கையின் வெற்றியாகக் காட்டும் வாதத்தை மாணவர்கள் எப்படிப் பிடிப்பார்கள்?

எழுதியவர்களில் பலர் ‘ஒப்படைப்பு’க்கு இசைந்திருப்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து, வெள்ளி காலை

அனுப்புங்கள் அம்மா, காலக்கெடுவுக்கு நான் தடையில்லை. ஆனால் அடுத்த பதிப்புக்குள் ‘வழக்குய்ப்பு’க்கான சான்றுகளைத் திரட்டி எழுதுவேன்.