பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நடுநிலைப் பள்ளி: எதில் சேர்ப்பது?

ஆற்றங்கரையான்:
பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறான். எங்கள் பக்கம் இரண்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகள். மெயின் ரோட்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு நிரம்பி வழிகிறது. படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் போட்டோ போட்டு வாசலில் ஃபிளெக்ஸ் வேறு. ஏரிக்கரைப் பள்ளியிலோ ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் சேர்த்தாலும் ஓர் அறை நிறையாது. கூட்டம் சேருகிற இடத்தில்தானே தரம்? சின்னதைப் பெரியதோடு இணைத்தால் என்ன?

சாக்பீஸ்:
ஃபிளெக்ஸில் தலையை எண்ணினீர்கள் சார், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டீர்களா? அறுபது பேர் எழுதி ஆறு பேர் தேறுவதும் பத்துப் பேரில் ஒருவர் தேறுவதும் ஒன்றுதான்.

கூட்டம் குறைவது எப்படி என்று நான் சொல்கிறேன், வாத்தியார் வேலையில் இருப்பவன். ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம், அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி, பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் போன கையோடு பெற்றோர் டி.சி. கேட்டு வந்து நிற்பார்கள். அடுத்த ஆகஸ்டில் இன்னொருவர் உபரி.

மூன்றாவது பெஞ்ச்:
அதற்கு என் மகள் ஏன் பலியாக வேண்டும்? கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது இருக்க வேண்டும். நான் பார்த்த பள்ளியில் கணக்கு சார்தான் இங்கிலீஷ் சாரும். ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் என்பதெல்லாம் நூறு பிள்ளைகளைத் தாண்டினால்தான். நான் ஆறாம் வகுப்பிலேயே மேல்நிலைப் பள்ளியில் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வரை ஒரே இடம்.

சாக்பீஸ்:
ஓட்டையே அதுதான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின் தனியாரை விட்டு ஆறாம் வகுப்புக்கு வருகிறவர்களும் நேராக மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். நடுநிலைப் பள்ளியை எட்டிப் பார்ப்பதில்லை.

ஏரிக்கரை அக்கா:
இணைப்பு இணைப்பு என்கிறீர்களே தம்பி, எங்கள் பிள்ளைகள் நாலுவழிச் சாலையை எப்படித் தாண்டும்? வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப யோசிக்கிற வீடு இங்கே நிறைய. ஏழாவது வந்தும் எழுத்துக்கூட்டி வாசித்த என் பையனை டீச்சர் தினமும் மத்தியானம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேப்பர் படிக்க வைத்தார். இப்போது மளிகை ரசீதைக்கூட விடமாட்டேன் என்கிறான். உங்கள் ஃபிளெக்ஸில் இதெல்லாம் வருமா?

ஆற்றங்கரையான்:
சரி அக்கா, வேன் விடாமல் இணைக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். வேன் விட்டால் இணைக்கலாம் என்பதுதான் இப்போதும் என் கட்சி. திங்கட்கிழமை இரண்டு பள்ளிக்கும் போய் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லப் போகிறேன்.

மூன்றாவது பெஞ்ச்:
நோட்டு பளபளவென்றுதான் இருக்கும். டைம்டேபிளைக் கேளுங்கள்.