80 தாண்டினா உதறுற கெப்: பலன்ஸ் போட்டும் நிற்காத உதறலுக்கு அனுபவப் பகிர்வு

வவுணதீவு சாரதி
டொயோட்டா ஹைலக்ஸ் கெப் (பிக்கப் வண்டி), 265/65 ஆர் 17 டயர், அலொய் ரிம். நாலு சில்லுக்கும் பலன்ஸ் போட்டு (சுத்துற நேரம் பாரம் சுத்திவர சமனாக இருக்க ரிம்மில ஈயத் துண்டு வச்சு) மெசினில பூச்சியம் காட்டியாச்சு. ஆனாலும் செங்கலடி தாண்டி கிரான் பக்கம் நல்ல ரோட்டில 80 கி.மீ. வேகம் வந்ததும் ஸ்டியரிங் உதறுது, 95-க்கு மேல கொஞ்சம் அடங்குது. படுவான்கரை வயல் பாதையிலயும் ஓட்டம் இருக்கு, நெல் மூட்டையும் ஏத்துறது. இப்படி வந்த வண்டிகளில எது பிழையாக இருந்தது எண்டு கண்டவங்க சொல்லுங்க.

கல்முனை டயர் வேலை
தம்பி, வயல் பாதை எண்டதிலயே பாதி விடை இருக்கு. சில்லைக் கழற்றி ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்க. வயல் சேறு உள்விளிம்பில ஒட்டிக் காய்ந்தால் கல்லு மாதிரி இருக்கும். வெளியில தண்ணி அடிச்சால் போகாது, கம்பி பிரஷ்ஷால சுரண்ட வேணும். 17 அங்குல ரிம்மின் விளிம்பில 30 கிராம் கூடினாலே, 100 கி.மீ. வேகத்தில ஏறக்குறைய மூன்றரை கிலோ பாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருக்கா இழுத்து விடுகிற மாதிரி. வேகம் இரட்டித்தால் அந்த இழுவை நாலு மடங்கு. அதனால்தான் 50-ல ஒண்டும் தெரியாத வண்டி 90-ல உதறும். சேத்தோட பலன்ஸ் போட்டால் இன்னும் மோசம்: மெசின் சேத்துக்கும் சேர்த்து ஈயம் கேட்கும், பிறகு சேறு உதிர்ந்ததும் அந்த ஈயமே பிழையாகிப் போகும்.

அடுத்தது மெசினில சில்லு சரியாக நடுவில உட்கார்ந்ததா எண்டது. என்ட கணிப்பில, "பலன்ஸ் போட்டும் உதறுது" எண்டு வாற கெப்களில கூடுதலானதுக்கு இதுதான் காரணம். கெப் ரிம்மின் நடு ஓட்டை பெரிசு, ஹைலக்ஸில 106 மி.மீ. காருக்கு வச்சிருக்கிற சின்னக் கோனை (மெசின் தண்டில சில்லை நடுவில பிடிக்கிற கூம்பு) வச்சு இறுக்கினால் சில்லு அரை மில்லிமீட்டர் சரிந்து நிற்கும், மெசின் அந்தச் சரிவுக்கும் ஈயம் சொல்லும். பெரிய கோனை உள்பக்கத்தால போட்டு, வெளியால நட் துளைகளில அமருகிற விரல் தட்டு வச்சு இறுக்கினால்தான் சரி.

சோதிக்க ஒரு வழி இருக்கு, கடையில கேட்டு முன்னால நின்று பாருங்க. பூச்சியம் வந்த பிறகு சில்லைத் தளர்த்தி, தண்டில அரைச் சுற்று திருப்பி, திரும்ப இறுக்கி ஓட விடச் சொல்லுங்க. 5 கிராமுக்குள்ள நின்றால் சரி. 15, 20 எண்டு காட்டினால் முதல் போட்ட ஈயம் எல்லாம் வீண், கோனை மாத்தித் தொடக்கத்தில இருந்து செய்ய வேணும்.

ரிம் அளவை மெசினுக்கு 16 எண்டு கொடுத்து 17 ரிம்மை ஓட விட்டாலும் கிராம் பிழைக்கும். ஸ்டாடிக் முறையில மட்டும் போட்டால் மேலும் கீழுமான குதிப்புத்தான் போகும், பக்கத்துக்கு ஆடுறது போகாது. அகல டயருக்கு உள், வெளி இரண்டு தளத்திலயும் ஈயம் போடுகிற டைனமிக் முறைதான் வேணும்.

சம்மாந்துறை
கல்முனைக் காக்கா சொன்னதோட ஒன்று சேர்க்கிறன். ரிம் அந்த வண்டிக்கே உரியதா எண்டு பாருங்க. ஹைலக்ஸுக்கும் மிட்சுபிஷி எல்-200-க்கும் ஆறு நட், நட் வட்டம் 139.7 மி.மீ. ஒன்றுதான். ஆனா எல்-200-ல ஹப் (சில்லு மாட்டுற அச்சுத் தலை) 67 மி.மீ. ஹைலக்ஸ் ரிம்மை அதில மாட்டினால் போல்ட் எல்லாம் பொருந்தும், நடுவில பெரிய வெளி இருக்கும். பிறகு சில்லை நடுவில பிடிக்கிறது நட்டின் கூம்பு மட்டும்தான். அதுக்கு இடைவளையம் போட வேணும். இல்லாட்டி சில்லை உயர்த்தி வைத்து, நட்டுகளைக் கையால எதிரெதிராகப் பூட்டி, பிறகுதான் ஸ்பனர். ஒரு பக்கமா இறுக்கிக்கொண்டு வந்தால் சில்லு சரிவாகவே அமரும்.

அக்கரைப்பற்று
கடல் ஓரம் ஓடுற வண்டிகளுக்கு ஹப் முகத் துருவும் ஒரு காரணம். ரிம் அமருகிற தட்டையான இடத்தில அரை மில்லிமீட்டர் துருச் செதில் ஒன்று நின்றால், டயர் ஓரத்தில இரண்டு மில்லிமீட்டருக்கு மேல ஆட்டம் வரும். மெசினில ஹப் இல்லையே, அதனால மெசினுக்கு இது தெரியவே தெரியாது. சில்லு கழற்றுற நேரமெல்லாம் கம்பி பிரஷ் போடுங்க.

ஏறாவூர் கராஜ்
ஈயத்தைத் தேடுறதுக்கு முதல் எந்த உதறல் எண்டு பிரிக்க வேணும். ஸ்டியரிங்கில தெரிந்தால் முன் சில்லு, இருக்கையிலயும் தரையிலயும் தெரிந்தால் பின் சில்லு. பிரேக்கில கால் வச்சால் மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க், பலன்ஸ் இல்லை.

உங்கட டயர் 80-ல நொடிக்கு ஒன்பது சுற்று, 95-ல பதினொன்று வரும். முன் சஸ்பென்ஷன் தானாக அதிருகிற வேகமும் அந்த அளவுதான், அதால அந்த இடைவெளியில பெரிசாகி மேல போனதும் அடங்குது. நீங்க சொல்ற குறி சில்லுக்குரிய குறிதான். புரொப்பெல்லர் தண்டாக (கியர் பெட்டியில இருந்து பின் அச்சுக்குப் போற தண்டு) இருந்தால் அது சில்லை விட நாலு மடங்கு கிட்டச் சுத்தும், உதறலாக இல்லாமல் ரீங்காரமாகக் கேட்கும், அக்சிலரேட்டரை மிதிச்சால், விட்டால் மாறும். அப்படி இருந்தால் அந்தத் தண்டின் யூ-ஜொயின்டையும் நடு பெயாரிங்கையும் பாருங்க.

போல் ஜொயின்ட் (முன் சில்லைச் சஸ்பென்ஷனோட சேர்க்கிற மூட்டு), டை ரொட் (ஸ்டியரிங் சில்லைத் திருப்புற கம்பி) முனை தேய்ந்த வண்டியில 10 கிராம் கூட ஸ்டியரிங்கில பெரிசாகத் தெரியும். சில்லைத் தரையில இருந்து தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, பிறகு இரண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டுங்க. மேல்-கீழ் ஆட்டம் போல் ஜொயின்டை அல்லது பெயாரிங்கைக் காட்டும், பக்க ஆட்டம் மட்டும் எண்டால் டை ரொட்.

பொத்துவில்
வெறும் வண்டி பின்னால குதிக்கிறதையும் பலன்ஸ் எண்டு நினைக்கிறவங்க இருக்காங்க. மூட்டை ஏத்த 50, 60 பி.எஸ்.ஐ. அடிச்சு, இறக்கின பிறகு அப்படியே ஓடினால் லீஃப் ஸ்பிரிங்கும் வளையாது, டயரும் வளையாது, குதிக்கத்தான் செய்யும். சாரதி கதவுத் தூணில இருக்கிற ஸ்டிக்கரில வெறும் வண்டிக்கு வேற அளவு, பாரத்துக்கு வேற அளவு இருக்கும். குளிர்ந்த டயரில அளந்து அடியுங்க.

வவுணதீவு சாரதி
உள்ளுக்க சேறு இருக்கத்தான் செய்யுது. டயருக்குள்ள மணி மாதிரிப் போடுற பலன்ஸ் உருண்டை பற்றி என்ன சொல்றீங்க? பஞ்சருக்குத் திரவம் ஊத்தச் சொல்லியும் ஒருவர் சொன்னார்.

கல்முனை டயர் வேலை
திரவம் வேண்டாம். மெசினில வைக்கிற நேரம் ஒரு இடத்தில தேங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற எண் காட்டும். ஊத்தி இருந்தால் டயரைக் கழற்றித் துடைச்சுப் போட்டுத்தான் பலன்ஸ் போட வேணும்.

உருண்டை பெரிய மட் டயருக்கு உதவும், உங்கட அளவுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம், கம்பனி அட்டவணைப்படி. ஆனா வால்வுக்கு வடிகட்டி உள்ள ஊசி போடாட்டி உருண்டை அதில சிக்கிக் காத்து இறங்கும். கம்பிரசரில தண்ணி வடிக்காமல் காத்து அடிச்சால் ஈரத்தில கட்டியாகி ஒரு பக்கம் ஒட்டும். எங்கட மாரிக் காலத்தில கம்பிரசர் தாங்கியில தண்ணி சேரும் எண்டதால நான் ஈயத்தைத்தான் சொல்லுவன். அலொய்க்கு ஒட்டு ஈயம்: ஒட்டுற இடத்தைத் தின்னர் போட்டுத் துடைச்சுக் காய விடுங்க, பிரேக் கலிப்பரில படாத இடமா பாருங்க, சுத்தி பெயின்டால கோடு போடுங்க. பிறகு ஈயம் சேத்தில விழுந்தால் வெறும் கோட்டைப் பார்த்தே தெரியும்.

ஒரு பக்கத்துக்கு 100 கிராமுக்கு மேல கேட்டால் ஈயத்தை அடுக்காமல் டயரை ரிம்மில அரைச் சுற்று திருப்பிப் போடச் சொல்லுங்க. புது டயரில மஞ்சள் புள்ளி லேசான இடம், அது வால்வுப் பக்கம் வர வேணும். சிவப்புப் புள்ளி டயரின் உயர்ந்த இடம், ரிம்மில குறி இருந்தால் அதுக்கு நேரே.

சம்மாந்துறை
டயர் சரியான வட்டமா எண்டதையும் பாருங்க. ஒரு ஸ்குரூ டிரைவரைக் கட்டையில வச்சு டயர் முகத்துக்குக் கிட்ட நிறுத்தி சில்லைக் கையால சுத்துங்க. இடைவெளி 1.5 மி.மீ-க்கு மேல கூடிக் குறைந்தால் எவ்வளவு ஈயம் போட்டாலும் நிற்காது. டயர் ரிம்மில சரியா அமரவில்லை எண்டாலும் இப்படி வரும்: பக்கச் சுவரில ரிம்மை ஒட்டின மெல்லிய வளையக் கோடு சுத்திவர ஒரே தூரத்தில இருக்க வேணும்.

30, 40-லயே "தொப் தொப்" எண்டு அடிச்சு, முகத்தில ஒரு வீக்கம் கையில தட்டுப்பட்டால் உள் கம்பிப் படை பிரியுது எண்டு அர்த்தம். அந்த டயரைக் கழற்றி ஸ்பெயரா கூட வைக்க வேண்டாம்.

ஏறாவூர் கராஜ்
மாட்டிற நேரம் நட்டை நட்சத்திர வரிசையில இரண்டு மூன்று சுற்றாக இறுக்கி, கடைசி இறுக்கம் டோர்க் ரென்ச்சில. அளவு வண்டிக் கையேட்டில இருக்கு, கெப்களில பெரும்பாலும் 100 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள்ள. கம்பிரசர் கன்னால ஒரே அடியா இறுக்கினால் டிஸ்க் கோணும், பிறகு பிரேக்கில உதறல் வரும். அலொய் எண்டால் 50 முதல் 100 கி.மீ. ஓடினதும் திரும்ப இறுக்குங்க.