ஸ்டைல் போட்டால் ஜாஸ் வருகிறது, ஆட்களோடு வாசித்தால் தடுமாறுகிறது – உதவி தேவை

எஃப்_ப்ளூஸ்:
வணக்கம். அரேஞ்சர் கீபோர்டில் ஸ்விங் ஸ்டைல் போட்டு வாசித்தே பழகியவன் நான். இடது கையில் கார்டு பிடித்தால் பேஸ், டிரம்ஸ், கிட்டார் எல்லாம் கூடவே வந்துவிடும். வலது கையில் நிம்மதியாக சோலோ வாசிப்பேன். இப்போது பேஸ் கிட்டார், டிரம்ஸ் வாசிக்கும் இரு நண்பர்களோடு எஃப் ப்ளூஸ் (எஃப் சுருதியில் 12 பார் சுற்றிச் சுற்றி வரும் பாட்டு) தொடங்கியிருக்கிறோம். சோலோ நடுவில் எந்த பாரில் (நான்கு பீட் கொண்ட கட்டம்) இருக்கிறோம் என்றே தெரியாமல் போகிறது. என் இடது கை அவர் வாசிப்பதன் மேல் ஏறி உட்காருகிறது என்கிறார் பேஸ் நண்பர். ஸ்டைலையும் கூடவே ஓடவிட்டு வாசிக்கலாமா? டெம்போவாவது நிற்குமே.

வாக்கிங்_பேஸ்:
தயவுசெய்து ஓடவிடாதீர்கள். டிரம்மர் அந்த மெஷினைத் துரத்துவதிலேயே இருப்பார், உங்கள் சோலோவைக் கேட்டு எதையும் மாற்ற முடியாது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் மாற்றுவதுதான் ஜாஸில் பாதி சந்தோஷமே.

பார் தொலைவதற்குக் காரணம் இருக்கிறது. அரேஞ்சர் உங்களுக்காகக் காத்திருக்கும். முதல் எஃப் செவன் கார்டை 4 பாருக்குப் பதில் 5 பார் பிடித்தாலும், பேஸ் அதே கார்டில் நடந்துகொண்டே இருக்கும். ஆட்கள் அப்படியல்ல. 5-வது பாரில் பி ஃப்ளாட் செவன், 9-ல் ஜி மைனர் செவன், 10-ல் சி செவன், 12 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. உங்கள் கை எங்கே இருந்தாலும் பாட்டு போய்க்கொண்டே இருக்கும். கீபோர்டைத் தொடாமல், வெறும் மெட்ரோனோமோடு ஒவ்வொரு கார்டின் அடிசுரத்தையும் (ரூட்) வாயால் பாடிப் பழகுங்கள். பாட்டின் வேகம் 120 என்றால் மெட்ரோனோமை 60-ல் வைத்து, அந்தத் தட்டை 2, 4-வது பீட்டாக எண்ணுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள்.

இடதுகை:
பேஸ் நண்பர் சொல்வது சரி. அரேஞ்சருக்கு ரூட் தேவை, அதனால் கை அதையே தேடிப் போகும். உதாரணமாக எஃப், ஏ, சி, ஈ பிடித்தால் அது எஃப் மேஜர் செவன் என்றே எடுத்துக்கொள்ளும். பேஸ் வாசிப்பவர் டி வாசித்தாரானால் அதே நான்கு சுரங்கள் அழகான டி மைனர் நைன். ரூட்டை அவரிடம் விட்டுவிடுங்கள். எஃப் செவனுக்கு ஏ, ஈ ஃப்ளாட் இரண்டும் போதும். பி ஃப்ளாட் செவனுக்கு இரண்டு விரலையும் அரைச்சுரம் இறக்கினால் ஏ ஃப்ளாட், டி. நடு சி-யை ஒட்டியே வாசியுங்கள், கீழே போகாதீர்கள். ஒவ்வொரு பீட்டிலும் கார்டு அடிக்கவும் வேண்டாம். ஜாஸ் பியானோ கலைஞர் அகமத் ஜமால் எவ்வளவு இடம் விட்டு வாசித்திருக்கிறார் என்று பதிவுகளில் கேட்டுப் பாருங்கள்.

எஃப்_ப்ளூஸ்:
நன்றி அண்ணா. அந்த ஏ, ஈ ஃப்ளாட்டை அரேஞ்சரில் பிடித்துப் பார்த்தேன், எஃப் செவன் வரவில்லை. தனியாக எப்படிப் பழகுவது?

இடதுகை:
வராதுதான். இரண்டு சுரத்தில் ரூட் எது என்று அதற்குத் தெரியாது. கார்டுக்கேற்ப பேஸ், கிட்டார் சேர்க்கும் ஆட்டோ அகம்பனிமென்ட்டை அணைத்துவிட்டு ரிதத்தை மட்டும் ஓடவிடுங்கள். டிரம்ஸ் மட்டும் கேட்கும், இடது கை சுதந்திரமாகிவிடும். ஃபில்-இன் பொத்தானையும் (டிரம்ஸில் இடையே ஒரு சின்ன நிரப்பு அடி தருவது) தொடாதீர்கள், 12 பார் முடிவதை நீங்களே உணர வேண்டும்.

வாக்கிங்_பேஸ்:
பேஸ் நண்பரிடம் எஃப் ப்ளூஸ் நடையைப் பத்து நிமிடம் ஃபோனில் பதிந்து தரச் சொல்லுங்கள், அதன்மேல் வாசித்துப் பழகலாம். அடுத்த முறை சேரும்போது டிரம்மரோடு 4 பார் நீங்கள், 4 பார் அவர் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். அவர் தனியாக வாசிக்கும் 4 பாரிலும் கார்டுகள் உங்கள் மனதுக்குள் ஓட வேண்டும். எந்த இடத்தில் தவறுகிறது என்று இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.